ஒரு சிறு நிரல்மொழி இன்டர்பிரட்டரின் மூலநிரலை ஒழுங்குபடுத்தும் முறை

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் சனிக்கிழமைகளில் கூடும் எங்கள் சிறு நிரலாக்கக் குழு ஒரு நிரல்மொழியை உருவாக்கி வருகிறது. அதற்குத் ‘தராசு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். தோட்டத்துக் கொழுந்து நிறுவையையும் முழுப்பேர், அரைப்பேர் என்னும் முழுநாள், அரைநாள் கூலிக் கணக்கையும் தமிழிலேயே எழுதி இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு பெரிய நோக்கம் கிடையாது. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் முயற்சி புதியதும் அன்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி நமக்கு முன்பே இருக்கிறது, அதன் இன்டர்பிரட்டரும், அதாவது நிரலை வாசித்து இயக்கும் மென்பொருளும், எங்களுடையதைப் போலப் பைதான் மொழியில் எழுதப்பட்டதே. தராசில் ஒரு நிரல் இவ்வாறு இருக்கும்:

நாளளவு = 18
கொழுந்து = 23
கொழுந்து > நாளளவு எனில்
    மேலதிகம் = கொழுந்து - நாளளவு
    காட்டு மேலதிகம்
முடி

இதை இயக்கும் இன்டர்பிரட்டரை நான் முதலில் ஒரே கோப்பாக எழுதினேன். சில நூறு வரிகள் வரைக்கும் அது எந்தத் தொல்லையும் தரவில்லை; ஆகவே ஒரே கோப்பில் தொடங்குவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். தொல்லை வேறு வழியாக வந்தது. வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் இருவர் நிரலை அச்சிட்டு எடுத்துச் சென்று, தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸில் வாசிப்பது வழக்கம். ஒரு நாள் அவர்களில் ஒருவர், கழித்தலில் உள்ள ஒரு பிழையைத் தேடுவதற்கு எந்தப் பக்கங்களை மட்டும் அச்சிட்டால் போதும் என்று கேட்டார். எல்லாப் பக்கங்களையும் அச்சிட வேண்டும் என்பதே நேர்மையான விடையாக இருந்தது. அன்று முதல், ஒரு கோப்பை மட்டும் தனியே அச்சிட்டு வாசித்து விளங்கிக்கொள்ள முடிகிறதா என்பதையே ஒழுங்கின் அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

அந்த அளவுகோலின்படி ஒரு கோப்பின் மிக முக்கியமான பகுதி அதன் தலைவரிகள், அதாவது வேறு எந்தெந்தக் கோப்புகளிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று கூறும் இறக்குமதி வரிகள். கோப்புறைகளுக்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும், எந்தப் பகுதி எந்தப் பகுதியை அறிந்திருக்கிறது என்ற உண்மையை அந்த வரிகளே சொல்கின்றன.

யார் யாரை அறியலாம்

இன்டர்பிரட்டரின் வேலை பலருக்கும் தெரிந்ததுதான். எழுத்துகளாக வரும் நிரலை லெக்சர் டோக்கன்களாக, அதாவது சொல், எண், குறி என்ற துண்டுகளாக, வெட்டும். டோக்கன்களைப் பார்சர் ஒரு தொடரியல் மரமாகக் கட்டும். இயக்கும் பகுதி அந்த மரத்தில் ஏறி இறங்கி விடையைக் கணிக்கும். இந்தப் படிகளின்படி கோப்புறைகளை அமைப்பது இயல்பானதே என்றாலும், படிகளின் வரிசை மட்டும் போதாது. லெக்சர் முதலில் வருகிறது என்பதற்காக மற்றவை அனைத்தும் லெக்சரை அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நாங்கள் வைத்திருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். ‘மூலம்’ என்ற கோப்புறை நிரற்கோப்பை வாசிப்பதையும் ஒரு சொல் எந்த வரியில் இருக்கிறது என்ற இடக்குறிப்பையும் கவனிக்கிறது. அது வேறு எதையும் அறியாது. ‘மரம்’ கணுக்களின் வடிவத்தை மட்டும் வரையறுக்கிறது. அதற்கு இடக்குறிப்பு மட்டும் தெரிந்தால் போதும். ‘சொல்’ என்பது லெக்சர், ‘இலக்கணம்’ என்பது பார்சர். முன்னது மூலத்தை அறியும், பின்னது சொல்லையும் மரத்தையும் அறியும். ‘பெறுமானம்’ எண், சரம், பட்டியல் முதலிய பெறுமானங்களின் நடத்தையைக் கூறுகிறது. ‘இயக்கம்’ மரத்தையும் பெறுமானத்தையும் நூலகத்தையும் அறியும். ஆனால் லெக்சரையோ பார்சரையோ ஒருபோதும் அறியாது. ‘நூலகம்’ பெறுமானத்தை மட்டும் அறியும். எல்லாவற்றையும் அறிந்த ஒரே இடம் ‘முகப்பு’. கட்டளை வரியிலிருந்து கோப்பைப் பெற்று, பகுதிகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஓடவிடுவது அதன் பொறுப்பு.

இதில் ‘உதவி’ என்றொரு கோப்புறை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். எங்களிடம் ஒன்று இருந்தது. லயத்து இஸ்தோப்பில், அதாவது தோட்டக் குடியிருப்பின் முன்திண்ணையில், விறகும் கூடையும் குடையும் சேர்வதைப் போல, இடம் தெரியாத ஒவ்வொன்றும் அதில் சேர்ந்தது. எல்லாக் கோப்பும் அதை அறிந்திருந்ததால், அதில் ஒரு வரியைத் தொட்டாலும் எங்கே இடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

எல்லை எங்கே என்பதைச் சிறிய முடிவுகளே காட்டிக்கொடுக்கின்றன. நிரலில் 18.5 என்று எழுதியிருந்தால், அதை லெக்சரே மிதவைப்புள்ளி எண்ணாக மாற்றிவிடுவது மிக எளிது. நானும் அப்படித்தான் செய்திருந்தேன். பின்னர் ரூபாய், சதக் கணக்குகளைச் சேர்த்தபோது, 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 வருவதைக் கண்டு, தசம எண்களை எழுதியபடியே துல்லியமாக வைத்திருக்கும் பைதானின் டெசிமல் வகைக்கு மாற முடிவுசெய்தோம். பெறுமானக் கோப்புறையில் ஒரு கோப்பை மாற்றினால் போதும் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, மிதவைப்புள்ளியாகிவிட்ட எண்ணை டெசிமலாக்கினால் அதன் பிழையும் சேர்ந்தே வரும் என்பது பிறகுதான் உறைத்தது. எண் எவ்வகையானது என்பது பெறுமானம் எடுக்க வேண்டிய முடிவு. லெக்சர் தான் கண்ட எழுத்துகளை அப்படியே டோக்கனில் வைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

மரம் என்னும் எல்லைக்கல்

எல்லாப் பகுதிகளிலும் மிகுந்த கவனத்தோடு வடிவமைக்க வேண்டியது மரம்தான் என்பது என் கருத்து. ஏனெனில், நிரலை வாசிக்கும் பாதியும் இயக்கும் பாதியும் சந்திக்கும் இடம் அதுவே. இதற்குப் பெரிய மொழிகளின் வரலாற்றில் நல்ல சான்றுகள் உள்ளன.

பைதான் தன் தொடக்க காலத்திலிருந்து பயன்படுத்திவந்த பார்சரை விட்டு, 2020 இல் வந்த 3.9 பதிப்பில் பெக் எனப்படும் வகையைச் சேர்ந்த புதிய பார்சருக்கு மாறியது. புதிய பார்சரும் பழைய மரத்தையே கட்டித் தர வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டதால், மரத்திலிருந்து பைட்கோட் என்னும் இடைநிலைக் கட்டளைகளை ஆக்கும் பகுதியும் அதை இயக்கும் பகுதியும் இந்த மாற்றத்தை உணரவேயில்லை. அந்த ஒரு பதிப்பில் இரண்டு பார்சர்களும் அருகருகே இருந்தன. விரும்பியவர்கள் ஒரு கட்டளைத் தெரிவின் மூலம் பழையதையே பயன்படுத்தவும் முடிந்தது. 3.10 இல் பழையது அகற்றப்பட்டது.

ரூபி மொழியில் நிகழ்ந்தது சற்று வேறு. 2024 டிசம்பரில் வந்த 3.4 பதிப்பில் பிரிசம் என்ற பார்சர் இயல்பான பார்சராயிற்று. பிரிசம் தனக்கென வேறு வடிவிலான மரத்தைக் கட்டுகிறது. ஆகவே அந்த மரத்தை மெய்நிகர் பொறிக்கான கட்டளைகளாக மாற்றுவதற்கு, ஏற்கெனவே இருந்த கம்பைலர் கோப்போடு இன்னொரு கம்பைலர் கோப்பையும் எழுத வேண்டியிருந்தது. பிரிசத்தின் மரத்தை வேறு பல கருவிகளும் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கம் இருந்ததால் அந்த உழைப்புக்குப் பொருள் உண்டு. நம்மைப் போன்றோர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எல்லைக்கல்லை நகர்த்தினால் இரு பக்கத்து வேலியையும் மாற்றிக் கட்ட வேண்டிவரும் என்பதே.

மரமே இல்லாமலும் இன்டர்பிரட்டர் எழுதலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரேசிலில் 1993 இல் பிறந்த லூவா மொழியின் பார்சர், வாசித்துக்கொண்டே நேரடியாகப் பைட்கோட்டை உருவாக்குகிறது. சிறிய கருவிகளுக்குள் பொருத்தப்பட வேண்டிய மொழிக்கு அது சிறந்த முடிவு. கற்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மரத்தை அச்சிட்டுப் பார்க்க முடிவதால் கிடைக்கும் தெளிவு பெரிது.

மரத்தைப் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது, ஒவ்வொரு கணுவிலும் இடக்குறிப்பு இருக்க வேண்டும். நான் அதைப் ‘பிறகு சேர்க்கலாம்’ என்று விட்டுவைத்ததால், ஓடும்போது நேரும் பிழை எந்த வரியில் நேர்ந்தது என்று சொல்ல முடியாமல், பின்னர் எல்லாக் கணு வகைகளையும் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. இரண்டாவது, தன்னைத் தானே இயக்கிக்கொள்ளும் செயலைக் கணுவுக்குள் வைக்காதீர்கள். வெறும் கணிப்பானுக்கு அது சுருக்கமான வழிதான். ஆனால் மரத்தை அச்சிடுதல், சரிபார்த்தல் என ஒவ்வொரு புதிய வேலையும் அதே கணுவுக்குள் வந்து குடியேறும்போது, மரத்தின் தலைவரிகளில் இன்டர்பிரட்டர் முழுவதும் வந்துவிடும்.

தமிழ் எழுத்தை ஓரிடத்தில் மட்டும் கையாளுதல்

தமிழ்ப் பெயர்களை ஏற்கும் மொழி என்றால் ‘மூலம்’ கோப்புறைக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. ‘கொழுந்து’ என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது 8 குறிகள். யூடிஎஃப்-8 இல் 24 பைட். ஆனால் ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தின் பின் ஒற்றை ஒகரக் குறியாகவோ, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவோ. பின்னைய வடிவில் அதே சொல் 9 குறிகளும் 27 பைட்டும் ஆகிவிடும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய ஆவணங்களை மாற்றியெடுத்த உரையில் இவ்வாறு பிரிந்த வடிவம் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இன்டர்பிரட்டருக்கோ அவை இரண்டு வேறு மாறிகள். ‘கொழுந்து என்னும் மாறி வரையறுக்கப்படவில்லை’ என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல்வரியிலேயே வரையறுக்கப்பட்டிருக்கும் கொழுந்தையும் பார்த்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதை நாங்கள் இழந்திருக்கிறோம்.

தீர்வு எளிது. கோப்பை வாசித்தவுடன், லெக்சரிடம் கொடுக்கும் முன்பாக, உரை முழுவதையும், பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவுக்கு ஒழுங்குபடுத்திவிட வேண்டும். பைதானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இதற்கான சார்பு உள்ளது. இதை ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள். லெக்சரில் ஒரு முறை, மாறிகளின் அட்டவணையில் ஒரு முறை, சரங்களை ஒப்பிடும்போது ஒரு முறை என்று சிதறவிட்டால், எங்காவது ஓரிடம் விடுபடுவது உறுதி. இடக்குறிப்புகளையும் ஒழுங்குபடுத்திய உரையிலிருந்தே கணக்கிட்டு, பிழையைக் காட்டும்போதும் அந்த உரையின் வரியையே காட்டினால் முரண்பாடு எழாது. ஔகாரத்தின் இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டுபவர்களை மட்டும் இந்த ஒழுங்குபடுத்தல் காப்பாற்றாது; அது எழுத்துப்பிழை, சேமிப்பு வடிவின் வேறுபாடு அன்று.

லெக்சர் எழுதும்போது இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு குறி எழுத்தா என்று அறிவதற்குப் பைதானின் இஸ்அல்ஃபா செயலைப் பயன்படுத்தினால், ககரம் எழுத்து என்றும் அதை அடுத்த ஒகரக் குறி எழுத்து அன்று என்றும் விடை வரும், புள்ளிக்கும் அப்படியே. அதன் விளைவாகக் கொழுந்து முதல் குறியிலேயே அறுந்து, ‘க’ என்ற மாறியாகிவிடும். அகரத்தின் பின் அந்தக் குறியை ஒட்டி, அவ்வாறு வரும் சரத்தை இஸ்ஐடென்டிஃபையர் செயலால் சோதிப்பது சரியான முடிவைத் தருகிறது. இந்த இரண்டு வரியையும் ‘பெயர்க்குறியா’ என்றொரு சார்பாக மூலம் கோப்புறையில் வைத்து, லெக்சர் அதை அழைக்கும்படி செய்திருக்கிறோம்.

சுற்றிவரும் இறக்குமதிகள்

இதுவரை சொன்னவற்றைக் கேட்ட எங்கள் குழுவினர் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையைப் போலக் கொழுந்து மேல்மாடியில் வாடி, கீழே இறங்கி உருண்டு, காய்ந்து, சலிக்கப்பட்டுப் பொதியாவது போன்றதுதானே என்றார். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் தொழிற்சாலையிலும் உருட்டிய கொழுந்தைச் சலித்துத் தூளைப் பிரித்த பின், சல்லடையில் தங்கிய பெருங்கொழுந்தை மீண்டும் உருளைக்கே அனுப்புகிறார்கள். இன்டர்பிரட்டரிலும் அத்தகைய திரும்பல்கள் உண்டு. ஒழுங்கு குலைவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

முதலாவது திரும்பல் நூலகத்திலிருந்து வருகிறது. பட்டியலை வரிசைப்படுத்தும் நூலகச் சார்பு, எதன்படி வரிசைப்படுத்த வேண்டும் என்பதைப் பயனர் எழுதிய ஒரு சார்பிடம் கேட்க வேண்டியிருக்கும். பயனரின் சார்பை இயக்குவது ‘இயக்கம்’; இயக்கமோ தொடங்கும்போதே நூலகத்தை ஏற்றிக்கொண்டுவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று இறக்குமதி செய்தால், பாதி மட்டுமே தயாரான மாட்யூலிலிருந்து பெயரை எடுக்க முயன்றதாகப் பைதான் முறையிடும். இறக்குமதி வரியைச் சார்பின் உடலுக்குள் ஒளித்துவைத்தால் முறையீடு நின்றுவிடும் என்பது பலரும் அறிந்த குறுக்குவழி. அதைச் செய்யாதீர்கள், செய்த அன்றே தலைவரிகள் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

‘அழைக்கத்தக்கது’ என்றொரு வகையைப் பெறுமானக் கோப்புறையில் வரையறுத்து, அதற்கு ‘அழை’ என்ற ஒரே செயலை மட்டும் வைத்தோம். பயனரின் சார்பைக் குறிக்கும் வகை, தன் உடலாகிய மரத்தைச் சுமப்பதால், இயக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதுவும் அழைக்கத்தக்க வகையைச் சேர்ந்தது. நூலகம் தன் கைக்கு வந்த பெறுமானத்தை அழைக்கிறதேயன்றி, அதன் பின்னால் மரம் இருக்கிறதா, பைதான் சார்பு இருக்கிறதா என்பதை அறியத் தேவையில்லை. நூலகத்தை இவ்வாறு தள்ளிவைப்பதில் லூவா மிகக் கண்டிப்பானது: அதன் நூலகங்கள், வெளியார் தம் சி நிரலில் பயன்படுத்தும் அதே பொது இடைமுகத்தின் வழியாகவே மொழியின் கருவோடு பேசுகின்றன. கோப்புறைகளைப் பிரிக்காமல் எல்லாக் கோப்பையும் ஒரே இடத்தில் வைத்திருந்தும் லூவாவின் மூலநிரல் வாசிக்க இனிதாக இருப்பதற்கு இந்தக் கண்டிப்பே காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது திரும்பல், ஒரு தராசு நிரல் இன்னொரு தராசு நிரலை ஏற்றும்போது வருகிறது. இயக்கத்தின் நடுவே கோப்பை வாசித்து, வெட்டி, மரமாக்க வேண்டும். ஆனால் இயக்கம் பார்சரை அறியக்கூடாது. எல்லாவற்றையும் அறிந்த முகப்பு, பெயரைக் கொடுத்தால் மரத்தைத் தரும் ஒரு சார்பை இயக்கத்திடம் தொடக்கத்திலேயே ஒப்படைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. சோதனைகளின்போது வட்டில் கோப்பே இல்லாமல், நாமே கட்டிய மரங்களைத் தரும் சார்பை ஒப்படைக்கவும் இது உதவுகிறது.

பிழைச்செய்திகள்

செய்திகளின் வாசகங்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். பிழை நேரும் இடத்தில் செய்தியின் எண்ணும் இடக்குறிப்பும் தேவையான பெயர்களும் மட்டும் போதும். நம் நாட்டில் இதற்குச் சிங்கள வடிவமும் ஆங்கில வடிவமும் வேண்டுமென்று எவராவது நாளை கேட்பது உறுதி என்பது ஒரு காரணம். அதைவிட உடனடியான காரணம் நம் இலக்கணம். மாறியின் பெயரோடு வேற்றுமை உருபை நிரலால் ஒட்டினால் ‘நிறைஐக் காணவில்லை’ என்று வரும். நிறையை, கூலியை, அளவை, மேலதிகத்தை என்று ஒவ்வொன்றும் வேறு விதமாகத் திரியும்போது, அதற்கொரு புணர்ச்சி விதித்தொகுப்பு எழுத நமக்கு நேரமில்லை. ‘நிறை’ என்னும் மாறி வரையறுக்கப்படவில்லை என்று, பெயரை மேற்கோளுக்குள் திரியாமல் நிறுத்தும் வாக்கியங்களாகவே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பிழைக்குக் கீழே அம்புக்குறி இட்டுக் காட்டும் வழக்கத்தையும் கைவிட்டோம். தமிழ் எழுத்துகளின் அகலம் திரைக்குத் திரை மாறுவதால் அம்பு வேறு சொல்லைக் குத்துகிறது.

ஏற்கெனவே உள்ள ஒரே கோப்பைப் பிரித்தல்

முதலில் சோதனைகளை எழுதுங்கள். ஒரு தராசு நிரல், அதன் அருகில் அது தரவேண்டிய வெளியீடு என்று இரண்டிரண்டு கோப்புகளாக வைத்து, இன்டர்பிரட்டரை வெளியிலிருந்து ஓட்டி ஒப்பிடும் சோதனைகளே இந்த வேலைக்கு ஏற்றவை. உட்பகுதிகளை இடம் மாற்றினாலும் இவற்றைத் தொட வேண்டியிராது. பிழைச்செய்தி வரவேண்டிய நிரல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்னர் யாரையும் அறியாத பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். மூலமும் செய்திகளும் முதலில், அடுத்துப் பெறுமானம், அதன் பின் மரம். இவை வெளியேறிய பிறகு லெக்சரும் பார்சரும் ஏறத்தாழத் தாமாகவே பிரிந்துவிடும். கடைசியில் நூலகத்தைப் பிரித்தெடுங்கள். முன்னே சொன்ன சிக்கல் அங்கே காத்திருக்கும் என்பதால் அதை அவசரமாகத் தொட வேண்டாம். ஒவ்வொரு நகர்வின் பின்னும் சோதனைகளை ஓட்டி, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியில் ஒரு பதிவு இடுங்கள். கோப்பை நகர்த்தும் பதிவில் நடத்தையைத் திருத்தாதீர்கள். இரண்டையும் கலந்தால், பிறகு எதனால் உடைந்தது என்று பிரித்தறிய முடியாது.

எல்லாம் பிரிந்த பின், ஒவ்வொரு கோப்பின் இறக்குமதி வரிகளையும் வாசித்து, எந்தக் கோப்புறை எதை அறியலாம் என்ற அட்டவணையோடு ஒப்பிடும் சிறு நிரல் ஒன்றை எழுதி, சோதனைகளுக்கு முன்பாக அது ஓடும்படி வையுங்கள். பைதான் நிரலைத் தொடரியல் மரமாக்கித் தரும் ஏஎஸ்டி மாட்யூலைப் பயன்படுத்தினால் இருபது, முப்பது வரிகளில் முடிந்துவிடும். சார்புகளுக்குள் ஒளித்துவைத்த இறக்குமதிகளையும் அது பிடித்துவிடும். எங்களுடையதை முதன்முறை ஓட்டியபோது மூன்று மீறல்கள் அகப்பட்டன. இரண்டை அன்றே திருத்தினோம். மூன்றாவது, சரங்களை எண்ணாக மாற்றும் நூலகச் சார்பு லெக்சரிடம் உதவி கேட்பது. எண்ணின் இலக்கணத்தை இரண்டு இடங்களில் எழுதுவதை விட அதுவே மேல் என்று தீர்மானித்து, காரணத்தை அட்டவணையில் அந்த வரிக்கு அருகிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.